நாய் இல்லாத வீட்டில் நாற்பத்தேழு புகார்

சிவராமகிருஷ்ணன் நாய் வளர்க்கவில்லை. பூனை, கிளி, மீன் தொட்டி எதுவுமே அவர் வீட்டில் கிடையாது. ஆனால் அந்த வீட்டில் நாய் குரைக்கிறதென்று நாற்பத்தேழு புகார்கள் இருந்தன.

அப்படிச் சொன்னது வேறு யாருமல்ல, அவரே செய்த வரைபடம்.

காப்பெல் என்ற அமெரிக்க ஊரில் அவர்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு ஞாயிறன்று தலைவர் தேர்தல். எதிர்வீட்டு ஹாஜா நஜ்முதீனை எதிர்த்து நின்ற சிவராமகிருஷ்ணனின் முழக்கம், "டேட்டா பொய் சொல்லாது." அதற்காக, ஊர் நிர்வாகம் தினமும் காலையில் இணையத்தில் வெளியிடும் புகார்ப் பட்டியலை இறக்கி, இலவச மென்பொருள்களை வைத்து வரைபடம் ஒன்று தயாரித்தார்.

வேலை எளிதுதான். பட்டியலில் ஒரு வரி என்றால் ஒரு புகார். அதிலுள்ள முகவரியை நிரல் எடுத்துக்கொண்டு, வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும்; புள்ளியைத் தொட்டால் என்ன புகார் என்று தெரியும். சோதித்துப் பார்க்கத் தன் வீட்டு முகவரியையே முதலில் கொடுத்தார். புள்ளி அச்சாக அவருடைய கராஜ் வாசலில் விழுந்தது. அந்தப் பூரிப்பில் மற்றதை அவசரமாக எழுதி முடித்தார். நிரலையும் இணையத்தில் திறந்து வைத்து, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், தன்னிடம் ஒளிவுமறைவு கிடையாது என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார். நாற்பது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு வாரம் ஊரார் புள்ளிகளை எண்ணினார். ஹாஜா வீட்டுப் புல் வளர்ந்துவிட்டதென்று மூன்று புள்ளிகள். நடைப்பயிற்சியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அந்த மூன்றைச் சொன்னார். சொந்த வீட்டுப் பக்கம் திரும்ப அவருக்கு நேரமில்லை. அங்கிருந்த நாற்பத்தேழைக் கண்டுபிடித்தது மனைவி ஷ்யாமளா.

"நாயே இல்லாத வீட்ல நாப்பத்தேழு தடவை யாருங்க குரைச்சது?" என்றாள். "எனக்கு ஒருத்தர் மேலதான் டவுட்டு."

அவர் ஊர் அலுவலகத்துக்கு போன் போட்டார். உங்கள் முகவரியில் ஒரு புகாரும் இல்லையே என்றாள் அங்கிருந்த பெண். மூடி மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினார். பொய்ப் புகார்களைப் பற்றி அவரே ஒரு புகார் எழுதி அனுப்பினார். பழிவாங்கிவிடுவார்களோ என்ற பயத்தில், முகவரிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார்.

மறுநாள் காலை நாற்பத்தெட்டு.

"பாத்தியா? வாயைத் திறந்தா அடிக்கறாங்க," என்றார் ஷ்யாமளாவிடம்.

உடனே குழுவில் ஆதரவு கேட்டார். ஆளுக்கொரு கண்டனப் புகார் அனுப்புங்கள், பாதுகாப்புக்காக முகவரி மட்டும் போடாதீர்கள் என்று கெஞ்சினார். முப்பத்தொரு பேர் அனுப்பினார்கள். ஞாயிறு காலை எழுபத்தொன்பது.

"ஓட்டு கேக்கப் போறதுக்கு முன்னாடி அந்த மேப்பைத் தூக்கிடுங்க," என்றாள் ஷ்யாமளா.

அவர் தூக்கவில்லை. மாலைக் கூட்டத்தில் அதையே திரையில் விரித்தார். அவர் வீடு இருந்த இடத்தில் ரத்தக் கட்டிபோல் ஒரு சிவப்பு.

"என்னைத் தோக்கடிக்க ஒருத்தர் தினம் உக்காந்து புகார் போடறார். பேர் சொல்ல மாட்டேன். அவர் வீட்டுப் புல்லைப் பாத்தா உங்களுக்கே புரியும்."

எல்லோரும் ஹாஜாவைப் பார்த்தார்கள். ஹாஜா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். அவர் பக்கத்தில், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மனைவி ரசியா பேகம்தான் எழுந்தார். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவருடைய வேலை.

"சிவா அண்ணே, யாரு வேணாலும் பாக்கலாம்னீங்களேன்னு உங்க புரோகிராமைப் பாத்தேன்," என்றார். "எங்கயோ நாய் குரைச்சா எந்த வீடுன்னு யாருக்குத் தெரியும்? அட்ரஸைக் காலியா விட்டுருவாங்க. அட்ரஸ் காலியா இருந்தா டெஸ்ட் அட்ரஸ்ல புள்ளி வைன்னு பதினாறாவது லைன்ல எழுதியிருக்கீங்க, அந்த டெஸ்ட் அட்ரஸ் உங்க வீடு. அந்த ஒரு லைனை டெலீட் பண்ணிருங்கண்ணே, எல்லா நாயும் போயிரும்."