மேகத்துக்கு வாஷர் மாற்றிய கதை

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் ஒரே தம்பி பணிவோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் உங்கள் மருமகளான என் மகளும் நலம். அங்கே உங்கள் முழங்கால், மாமாவின் இருமல், இரண்டும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், வருகிற சனிக்கிழமை நீங்கள் தயவுசெய்து இங்கே வரவேண்டாம். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்றுதான் முதலில் எழுதினேன். "பிளம்பர் உங்க வீட்டிலேயே தண்ணீர் இல்லை என்றால் உங்கக்கா அன்றைக்கே பஸ் ஏறி வந்து என்ன ஏது என்று விசாரிப்பார்" என வீட்டுக்காரி சொன்னதால், அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உண்மையையே எழுதுகிறேன். படிக்கும் முன் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

உங்கள் மருமகளின் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக ஒரு புராணக் கதை எழுதி, படமும் வரைய வேண்டுமாம். எங்கேயும் கேட்ட கதையாக இருக்கக் கூடாது. வானவில் ஏன் வளைகிறது, கடல் ஏன் கரிக்கிறது என்று இயற்கையில் ஏதாவது ஒன்றுக்குக் காரணம் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மேடையில் வாசிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு விருந்தினர்தான். பெற்ற நாங்கள் இரண்டு பேர் குத்துக்கல் மாதிரி நிற்க, இவள் டீச்சரிடம் கொடுத்தது உங்கள் முகவரியை. அழைப்பு இந்நேரம் வந்திருக்கும். கதை, ஏன் இடி இடித்து மழை பெய்கிறது என்பது. வானத்தில் ஓர் அத்தை இருக்கிறாளாம். அவள் விருந்துக்கு வரும்போது மேகங்களெல்லாம் மடிக்காத துணி மாதிரி மூலைக்கு மூலை கிடக்குமாம். அத்தை விளக்கைப் போட்டுத் தூசி பார்த்தால் மின்னல், கட்டிலை இழுத்துப் போட்டுப் பெருக்கினால் இடி. போன முறை நீங்கள் வந்திருந்தபோது எங்கள் வீட்டில் நடந்தது அப்படியே இதுதானே.

கதையோடு போயிருந்தால் சமாளித்திருப்பேன். படத்தில் அந்த அத்தை மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, இடுப்பில் கைவைத்து, அதே கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். தாடையில் மச்சம். ஜிப் அறுந்த பைக்கு ஊக்கு. தைத்த துணியைக் கொடுக்க வந்த தையல்காரர், மேசையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, உங்க அக்கா எப்போது வந்தார்கள் என்று கேட்டுவிட்டுக் குரலையும் தாழ்த்திக்கொண்டார். நான் ரப்பரும் பென்சிலும் எடுத்தேன். அடையாளம் தெரியாமல் இருக்கட்டும் என்று ஒரு மீசை வைத்தேன். வைத்ததும் அப்படியே நம் அப்பா வந்து நின்றார். அவசர அவசரமாக அழித்ததில் மீசை போகவில்லை, மேலுதடு போய்விட்டது. உங்கள் மருமகள் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "அப்பா, இது என் கதை. நீங்க தொடாதீங்க" என்றாள். குரல்கூட உங்கள் குரல்தான்.

தொடாமல் இருந்திருக்கலாம். அவள் குளிக்கப் போன நேரம் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அதில் எழுத்தே இல்லை, வெறும் படம். அத்தை பையோடு வாசற்படியில் நிற்கிறாள், பின்னால் மேகங்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் இரண்டு இடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் வடிகிறது. அக்கா, ஒழுகுவதைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதலில் குழாயடியைத்தான் பார்ப்பேன் என்று உங்களுக்கே தெரியும். ஒரு தனித்தாளில் அதே படத்தைச் சொட்டுகள் இல்லாமல் வரைந்தேன். மேகத்துக்கு மேகம் குழாய் இழுத்து, வளைவுக்கு முழங்கைக் குழாய் போட்டு, நடுவில் வால்வு வைத்து, வாஷர் மாற்றினேன். உங்கள் மரியாதைக்குக் குறைவு வரக் கூடாதே என்று பையைக் கருவிப்பெட்டியாக்கிக் கையில் ஒரு ஸ்பேனரும் கொடுத்து, அந்தத் தாளை அவள் பக்கத்தின் மேல் ஒட்டியும் விட்டேன். அவள் கவனிக்காமல் அதைப் பள்ளிக்குக் கொண்டுபோக, டீச்சர் பார்த்துவிட்டு, கதை பிரமாதம், கடைசிப் பக்கம் மட்டும் குழாய்க் கடை விலைப்பட்டியல் மாதிரி இருக்கிறது என்று எழுதி அனுப்பியிருக்கிறார். அதிலிருந்து இவள் என்னோடு பேசுவதில்லை. உப்பு என் பக்கத்தில் இருந்தாலும் அம்மாவிடம்தான் கேட்கிறாள்.

அதனால்தான் வரவேண்டாம் என்கிறேன். நீங்கள் சத்தம் போட்டால் எனக்குப் பழக்கம், வாங்கிக்கொள்வேன். நாலு பேர் சிரிக்கும்போது நீங்கள் ஒன்றும் பேசாமல் குனிந்து உட்கார்ந்திருந்தால் அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

மாமாவுக்கு என் வணக்கம். பக்கத்து வீட்டாருக்கு என் விசாரிப்பு. உங்கள் கோபத்துக்கு இப்போதே ஒரு தனி நமஸ்காரம்.

இப்படிக்கு,
அடிக்கு முன்னாலேயே அழுகிற
உங்கள் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டக் கோந்து தேடி மகள் மேசைக்குப் போனேன். அவள் ஈரத்துணியை வைத்து, நான் ஒட்டிய தாளை ஓரம் ஓரமாக உரித்துக்கொண்டிருந்தாள். ஒழுகுவதை அப்படியே விடலாமா கண்ணு என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"அது ஒழுகல் இல்லப்பா. அத்தை ஊருக்குக் கிளம்பறாங்க. மேகமெல்லாம் அழுவுது. அதுதான் மழை."

அப்படியென்றால் இடி இடிக்கும்போது மேகங்கள் அழவில்லையா என்றேன்.

"அப்ப எதுக்கு அழணும்? அப்ப அத்தை வீட்டுலதானே இருக்காங்க."

நானும் ஒரு துணியை நனைத்து மறுபக்கத்திலிருந்து உரிக்க ஆரம்பித்தேன். அவள் தடுக்கவில்லை.

மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக வைத்துக்கொள். மரியாதை போதும் அக்கா, வெள்ளிக்கிழமையே கிளம்பி வா. திரும்பிப் போகிற தேதியை மட்டும் இவளிடம் சொல்லாதே. என்னிடமும்தான்.