கிம்லெட் பிரசங்கி

குடிப்பவர்களை உங்களுக்குத் தெரியும், குடிக்காதவர்களையும் தெரியும். இரண்டிலும் சேராமல், குடியைப் பற்றிப் பேசியே போதையேறும் ஒரு பிறவி தென்சென்னையில் பெருகிவருகிறது. இதுதான் கிம்லெட் பிரசங்கி. நாற்பது வீடியோ பார்த்திருக்கும். நாக்கில் ஒரு சொட்டு விட்டிருக்காது.

அடையாறு சந்திரமௌலியைப் பாருங்கள். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். மகள் ஷண்முகப்ரியா, பட்டினப்பாக்கத்தில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஜானின் மகனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்று ஜெயித்துவிட்டாள். சம்பந்தி முதன்முறையாக வீட்டுக்கு வருகிறார். நம்மை ஒன்றும் தெரியாத ஆசாமி என்று அவர் நினைத்துவிட்டால்? அந்தப் பயத்தில் மனிதர் கிம்லெட் கலக்க ஜின், கார்டியல் என்கிற எலுமிச்சைச் சர்க்கரைச் சாறு, அகல வாயும் நீளக் காலுமாய் இரண்டு கண்ணாடிக் கோப்பை எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டார்.

ஜான் சோபாவில் உட்கார்ந்ததுதான் தாமதம், பிரசங்கம் தொடங்கியது. வெள்ளைக்கார மாலுமிகளுக்கு நடுக்கடலில் ஈறு வீங்கிப் பல் ஆடியதும், மருந்தாக எலுமிச்சைச் சாறு கொடுத்ததும், அது கெடாமலிருக்கச் சர்க்கரை சேர்த்ததும், அதிகாரிகள் அதில் ஜின்னைக் கலந்ததும், கிம்லெட் என்ற பெயர் கப்பல் டாக்டருடையதா துளைபோடும் கருவியுடையதா என்ற வழக்கும், பாதிக்குப் பாதி இருந்தது போய் ஜின் ஏறிச் சாறு இறங்கியதுமாக நூறு வருஷம் ஓடிவிட்டது. பாட்டில் திறக்கவில்லை.

“சம்பந்தி, மாலுமிக்கு இன்னா ஆச்சுன்னு அப்பால பாக்கலாம். எனக்குத் தொண்ட காஞ்சிக்கினு கீது.”

“இருங்கோ, இருங்கோ! குலுக்கறதா, கலக்கறதாங்கறதுலயே ரெண்டு கட்சி இருக்கு.”

“அப்பா, ஐஸ் கரைஞ்சிண்டிருக்கு,” என்றாள் ஷண்முகப்ரியா.

ஒருவழியாக ஊற்றினார். “முதல் வாய் எடுக்கறதே ஒரு கலை. நான் பண்றதைப் பார்த்து அப்படியே பண்ணுங்கோ.”

ஜான் மரியாதையாகக் காத்திருந்தார். சந்திரமௌலி தலையை அண்ணாந்தார். காபியோ தண்ணீரோ, உதட்டில் படாமல் தூக்கிக் குடித்தே பழகிய கை, கோப்பையைத் தானாக ஒரு முழம் உயர்த்திக் கவிழ்த்தது. அகல வாய்க் கோப்பை சும்மா விடுமா? மூக்கு, கண், சட்டை எங்கும் ஜின். வாய்க்கு மட்டும் வரவில்லை.

இருமி முடிக்கும்வரை ஜான் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “இதான் மொதோ தபாவா, சம்பந்தி?”

நன்றாக வேண்டும்! தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நல்ல மனிதரே ஊற்றிக் கொடுத்துப் பழக்கியிருப்பார்.

சிரிக்கிறீர்கள். சரி. ஆனால் மாலுமிக் கதை வந்த இடத்தில், ‘அது அப்படியில்லையே, நான் வேறு மாதிரியல்லவா படித்தேன்’ என்று உங்களுக்கு வாய் துடித்ததா? அப்படியானால், உங்கள் வீட்டுக்கு வரும்போது நான் தண்ணீர் குடித்துவிட்டே வருகிறேன்.