றைஸாவின் ஈரலுக்கு மூன்று வைத்தியம்

தில்லையடி,
புத்தளம்.

மதிப்புக்குரிய மீராசாஹிப் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. போனில் சொன்னால் நான் பயப்படுவதை உங்கள் தங்கை றைஸா கேட்டுவிடுவாள் என்பதால் இந்தக் கடிதம்.

சென்ற கிழமை அவளுக்கு நெஞ்செரிவு என்று ஸ்கேன் எடுக்கப் போனோம். எனக்கும் கொஞ்ச நாளாக இரண்டு கவளத்திலேயே வயிறு நிரம்பி வலப்பக்கம் கனக்கிறது என்று, என்னையும் பிடித்துப் படுக்க வைத்தாள். பிறகு டொக்டர் படத்தைப் பார்த்து, "மேயாகே அக்மாவ" என்று தொடங்கிச் சிங்களத்தில் வெகுநேரம் பேசினார். 'இவளுடைய ஈரல்' என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. மிச்சம் விளங்கவில்லை. றைஸா அழுதாள், நானும் அழுதேன்.

வீட்டுக்கு வந்து அவள்தான் விளக்கினாள். தேங்காயளவு கட்டியாம், ஆனால் கெட்ட கட்டி இல்லையாம். கெட்டதில்லை என்றால் நல்லதுதானே மச்சான், நல்லதை ஏன் தொந்தரவு செய்யவேண்டும்? "வயித்தப் பெரிசா வெட்டாம மூணு வழி இரிக்கிது. எது நல்லம் எண்டு நீங்கதான் யோசிச்சுச் சொல்லணும்" என்றாள். ஒன்று, நீள ஊசியை ஈரலுக்குள் ஏற்றிக் கட்டியை அங்கேயே சுடுவது. மற்றது, தொடையால் மெல்லிய குழாய் விட்டு அதற்குப் போகும் இரத்தத்தை அடைப்பது. சுருங்குமாம், ஆனால் திரும்ப வளரவும் கூடுமாம். மூன்றாவது, சின்னத் துளைகள் போட்டுக் கமெரா வைத்து வெட்டி எடுப்பது. பேக்கரி இஸ்ஹாக் சுடச் சொல்கிறான். உப்பளத்து நெய்னார், வாய்க்காலை அடைத்தால் பாத்தி தானாகக் காயும் என்கிறார். இரண்டு பேரையும் கேட்டு, இருந்த கொஞ்ச விளக்கமும் போய்விட்டது.

கடைசியில் ஊசியையே தெரிவு செய்தேன். இரண்டொரு நாளில் கெதியாக வீட்டுக்கு விடுவார்களாம். அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருக்க ஏலாது மச்சான், பயமாக இருக்கிறது. ஊசியைக் கண்டால் மயங்கி விழுகிறவன் நான்தான், அவளுக்கென்ன, தைரியசாலி. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தால் முடிந்தது. ஒரு கிழமையாக அவளை ஒரு வாளி தண்ணீர் தூக்க விடவில்லை, எல்லாம் நானே. கவலையில் என் வலப்பக்கக் கனம்தான் கூடிவிட்டது. மூத்தவர் நீங்கள், சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் சலாம். துஆவில் எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஹாசிம்

பி.கு.: நானா, இது உங்கட தங்கச்சி றைஸா. என்வலப்ப ஒட்டித் தா எண்டு இதை என்னட்டயே தந்துட்டார். 'மேயா' எண்டா சிங்களத்துல இவளும்தான், இவரும்தான். எனக்கு வெறும் நெஞ்செரிவு. ஈரல் அவர்ட. வாளிய வைங்க எண்டு நான் கத்தக் கத்த, உனக்காகத்தான் எண்டு தூக்கினார். எவ்வளவு தைரியமா இரிக்கிறார் எண்டு நான் தனிய இருந்து அழுதேன். இனித்தான் அவருக்குச் சொல்லணும். ஊசி எண்டு அவரே தெரிவு செஞ்சிட்டார், மாத்த விடமாட்டேன். ஊசி ஏத்துற அண்டைக்கு நான் கையப் பிடிச்சிக்கிறேன், நீங்க வந்து கால் ரெண்டயும் பிடிங்க.