மூன்று அம்பு விழுந்தால் எடுக்கலாம்

"ஏனுங்க, இந்தச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரு பனியன் கம்பெனிச் சரக்கு மாதிரி இருக்குதுங்களே?"

நூலகர் தரணி ஒரு நாவலை விரித்துக் காட்டியதும் இசக்கிமுத்து கையிலிருந்த புத்தகத்தைச் சட்டென்று மூடினார். பதினெட்டு வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை அவருக்கு. ஓட்டையோ கறையோ கண்ட இடத்தில் அம்பு ஒட்ட வேண்டும். மனைவி விஜயராணி இறந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்து துக்க நாவல்களையும் அப்படியே செக்கிங் செய்துகொண்டிருந்தார்.

சந்தோஷமான கதை படித்தால் அவருடைய ஒற்றை அறை இன்னும் பெரிதாகிவிடும். அதற்காகக் கண்ட துக்கத்தையும் படிக்க முடியுமா? புத்தகத்துக்குப் பத்துப் பக்கம் அங்கங்கே பிரித்துப் பார்ப்பார். நெஞ்சை அடைத்து அழுகை வரும் இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓர் அம்பு. ஒன்றுமே விழாவிட்டால் போலித் துக்கம். ஐந்தைத் தாண்டினால் எழுதியவர் வேண்டுமென்றே வதைக்கிறார். மூன்று விழுந்தால் அறைக்கு எடுத்துப்போவார்.

"யாருன்னு தெரிஞ்சா கார்டை ரத்துப் பண்ணீருவேனுங்க" என்றார் தரணி.

கார்டு போனால் ஞாயிறு முழுக்க இசக்கிமுத்துவிடம் ஒரு வார்த்தை பேச ஆளில்லை.

"யாரோ தெரியாமச் செஞ்சிருப்பாங்க மேடம். நானே உரிச்சுத் தாரேன்."

உரித்தார். அம்போடு 'இறந்தாள்' என்ற சொல்லும் பிய்ந்து வந்துவிட்டது. கதாநாயகி பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து கறை எடுக்கும் மருந்தைக் கொண்டுவந்து தடவினார். அம்பு அழகாக வந்தது. கூடவே அச்சு மையெல்லாம் கரைந்து ஒரு சாவு வீடே அழிந்துபோயிற்று.

இதில் இன்னொரு குழப்பம். மூன்று அம்பு ஒட்டியது நன்றாக நினைவிருந்த புத்தகத்தில் ஆறு இருந்தன. போன மாதம் ஸ்டிக்கர் சுருளையே இங்கே எங்கோ தொலைத்த ஆள்தானே, பேச்சுத்துணை இல்லாமல் புத்தியும் மழுங்கிவிட்டது என்று நொந்துகொண்டார்.

தரணி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். "என்னங்க இது, புக்கெல்லாம் பெட்ரோல் வாசம்?"

இனி மறைக்க வழியில்லை.

"ஒட்டுனது நாந்தான் மேடம்."

கார்டை மேசைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை.

தரணி பதில் சொல்வதற்குள், அலமாரி துடைத்துக்கொண்டிருந்த ரங்காத்தாள் துணியைப் போட்டுவிட்டு வந்தாள். இத்தனை ஞாயிறுகளில் அவளும் இசக்கிமுத்துவும் ஒரு வார்த்தை பேசியதில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, பாதி தீர்ந்த சிவப்புச் சுருளைக் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மீதி நான் ஒட்டுனதுங்க. நீங்க அழுகாம உட்டுட்டுப் போன பக்கத்துல மட்டும்."