முழுக் கவனப் படலம்

உலர்ந்த துணிகளை மடித்து அடுக்கிவிட்டு மடிக்கணினியின் முன் அமர்ந்த மாதரசி வாழ்க! தோற்றுத் தோற்றும் புறமுதுகிடாத பெருந்தகை, என் மனைவி, வாழ்க! மறுநாள் விடியுமுன் அவள் இதயம் நின்றுவிடும் என்பதை எவரும் அறியாத அந்தப் பிற்பகலின் போரை, எஞ்சியிருக்கும் வாயிற்காவலன் நான் பாடுகிறேன்.

பகையாவது யாதெனில், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காகப் பயிற்சி மையத்தார் கருணை கூர்ந்து எழுப்பிய இணையதளம். அதன் முகப்பில் புன்னகைத்த பிள்ளைகள் அனைவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். துரை என்று நாங்கள் அழைக்கும் எங்கள் ஏழு வயதுப் பேசா மன்னனோ, நாற்காலியை ஏறிக் குதிக்கும் குன்றாக மட்டுமே அறிந்தவன். 'குழந்தைமீது முழுக் கவனம் செலுத்துவது எப்படி' என்னும் காணொளிப் பாடத்தைப் பெற்றோர் முடித்தாலன்றி அவனுக்குப் பேச்சுப் பயிற்சியில் இடமில்லை. அன்றே கடைசி நாள். பாடத்தின் முதல் அருள்வாக்கு: "குழந்தை அருகில் இல்லாத இடத்தில் அமரவும்." இடையிடையே ஒரு பச்சைப் பொத்தான் தோன்றி, "இருக்கிறீர்களா?" என்று வினவும். உடனே அமுக்காவிட்டால் பாடம் மீண்டும் முதலிலிருந்து.

போர் மூண்டது. அவன் இருந்த அறையின் கதவை மறித்து மலையென நின்ற என் கால்களுக்கிடையே அம்பெனப் பாய்ந்த துரை, குளியலறைக் குழாயைத் திறந்து வெள்ளம் வரவழைத்தான்.

"என்னங்க, அவனைப் பிடிங்கன்னா கதவைப் பிடிச்சிட்டு நிக்கிறீங்க!" என்று முழங்கி அவள் ஓடினாள். பொத்தான் வந்து போயிற்று. முதலிலிருந்து. மாவு டப்பா கவிழ்ந்தது, முதலிலிருந்து. சாளரத்துத் திரைச்சீலை, வீழ்ந்த வேந்தனின் கொடிபோல் கம்பியோடு சரிந்தது; முதலிலிருந்து. பிள்ளையைக் கவனிக்கக் கற்கும் வழியில், பிள்ளையைக் கவனித்த குற்றத்துக்காக அவள் மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்டாள். என்னே அந்த நீதி!

"போதும்டா சாமி, நீயே வந்து படி!" என்று அவனை வாரி மடியில் இருத்தினாள்.

பச்சைப் பொத்தான் எழுந்தது. துரை அமுக்கினான். 'டிங்' என்றது கணினி.

அவ்வளவுதான். எந்த நிபுணரின் ஆசைகாட்டலுக்கும் அமராத மாவீரன், அடுத்த பச்சைக்காக, நீர்க்கரைக் கொக்கென அசைவற்றுக் காத்திருந்தான்.

"என்னங்க, உட்கார்ந்திருக்கான்! மூச்சு விடாதீங்க."

"நான் எப்பவோ நிறுத்திட்டேன்மா."

திரையில் நிபுணர் முழுக் கவனத்தின் மாண்பை விரித்துரைத்துக்கொண்டே இருந்தார், கேட்பாரில்லை. அவளோ மகனின் முகத்திலிருந்து ஒருகணமும் கண்ணெடுக்கவில்லை. இறுதியில், "வாழ்த்துகள்! நீங்கள் கவனம் மிக்க பெற்றோர்" என்று பொன்னெழுத்துகள் மின்னின.

"பாஸானது உங்க பிள்ளைதாங்க. நாம ரெண்டு பேரும் ஃபெயில்," என்று சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

இல்லத்தின் தலைநகரம் வீழ்ந்தபின்னும், படைகள் கலைந்தபின்னும், அவள் வென்று தந்த அந்தச் சிறுநிலத்தை இன்றுவரை எவராலும் எங்களிடமிருந்து பறிக்க இயலவில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் நாலு மணிக்குத் துரைக்குப் பேச்சுப் பயிற்சி.