பதினோரு மணி டைம் அவுட்

எஸ்டேட் மேனேஜர் வைத்த கெடு நாற்பத்தெட்டு மணி நேரம். அதற்குள் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் ஆப் சரியாகாவிட்டால், அதை எழுதிய தவமலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கீழே ரிங்லெட் ஊரிலுள்ள வீட்டுக்கு இறங்க வேண்டியதுதான்.

மூட்டை தராசில் ஏறும். எடை, கிளவுடில் இருக்கும் டேட்டாபேஸுக்குப் போகும். முப்பது வினாடியில் பதில் வராவிட்டால் திரையில் சிவப்புக் கட்டம்: 'டைம் அவுட்'. ஒரு வாரமாகப் பதினோரு மணி நிறுவையில் அதே கட்டம்தான்.

"என்னம்மா இது? கையால எழுதுனப்ப இந்தத் தொல்லை இல்லையே!" என்றார் மேனேஜர் திருச்செல்வம். எஸ்டேட்டுக்கு அவர் 'துரை'.

பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைத் தவமலர் இரண்டு நிமிடமாக்கினாள். கட்டம் மறைந்தது. வரிசை லோரி நிற்கும் ரோடு வரை நீண்டது.

"மலரு, கொழுந்து இங்கயே காஞ்சு தூளாயிடும் போல லா," என்றார் கங்காணி காளிமுத்து.

மறுநாள், பதில் வராவிட்டால் ஆப்பே இன்னும் இரண்டு முறை அனுப்பும்படி மாற்றினாள். வராதது பதில் மட்டும்தான். எடை முதல் தடவையே போய்ச் சேர்ந்திருந்தது. பாஞ்சாலை பறித்தது அறுபது கிலோ. கணக்கில் ஏறியது நூற்றெண்பது.

"கொழுந்து வெட்டுற மெஷின்கூட இவ்ளோ வெட்டாது!" கூடையோடு குலுங்கிச் சிரித்தாள் பாஞ்சாலை.

அன்று துரை திட்டவேயில்லை. தவமலர் அதைத் திருத்தி அறுபதாக்கியதும்தான் அவர் முகம் தொங்கியது.

"அவசரப்பட்டு ஏம்மா குறைச்சே?"

கெடுவின் கடைசி நாள். தவமலர் டேட்டாபேஸின் பதிவுகளைத் தோண்டினாள். பதினோரு மணிக்கு அதைப் போட்டு அமுக்கியது ஒரே ஒரு பக்கம். இந்த வருடம் யார் யார் எவ்வளவு பறித்தார்கள் என்று கூட்டி வரிசைப்படுத்தும் பக்கம். துரைக்கு மட்டும் என்று அவள் எழுதிக் கொடுத்தது. ஒரே நிமிடத்தில் நானூறு முறை திறந்திருந்தது, அத்தனையும் துரையின் பாஸ்வேர்டில். ஒரு மனுஷனுக்கு அத்தனை விரலா என்று அவளுக்குத் தோன்றவில்லை.

நிறுவைக் கொட்டகையில் எல்லோரும் இருந்தார்கள். தவமலர் துரையின் முன்னால் போய் நின்றாள்.

"துரை... வந்து... டேட்டாபேஸைத் திணறடிக்கிறது நீங்கதான்."

துரை இருமினார். தராசைப் பார்த்தார். வரிசையில் நின்ற நாற்பது பேரும் சட்டென்று கைபேசியைப் பைக்குள் செருகினார்கள்.

பாஞ்சாலைக்குத்தான் பொறுக்கவில்லை.

"பாவம், அவர வையாத மலரு! யாரு முந்துறாங்கன்னு நாங்க எல்லாரும்தான் பார்க்குறோம், பாஸ்வேர்டு குடுத்தது மட்டும்தான் அவரு. பந்தயத்துல என் மேல பணம் கட்டினதும் அவரு ஒருத்தருதான்!"