பின்வாசல் வழியாக ஜெபக்கூடத்துக்கு

"அந்த ஐஸ்கிரீம் கடைக்காரர் இப்போ நம்மளப் பாத்துக் கையாட்டறார்" என்றாள் ஹெத்வா.

நஃப்தாலி திரும்பவில்லை. திரும்பினால் அதே கடையை மூன்றாம் முறையாகக் கடக்கிறோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஹைஃபாவில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் அவர். மலைமேல் ஏறி இறங்கும் அந்த ஊரில் ஒருநாளும் யாரிடமும் வழி கேட்டதில்லை. பெராரா மாதிரி ஒரு சின்ன இத்தாலிய ஊரில், அதுவும் சமதரையில், வழி தவறுவது என்பது அவரைப் பொறுத்தவரை நடக்காத காரியம்.

"இந்த ஊர்ல தெருவுக்குத் தெரு ஐஸ்கிரீம் கடைதான்" என்றார்.

"தெருவுக்குத் தெரு அதே மீசைக்காரரா?"

கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆனதற்காக வந்த பயணம் இது. வியன்னாவில் மழை. வெனிஸில் கூட்டம். இரண்டு ஊரிலும் அறையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பா மீனைத் தின்றார்கள். பெராராவிலாவது அகழி சூழ்ந்த கோட்டையைப் பார்த்துவிட வேண்டும் என்பது ஹெத்வாவின் ஆசை. ஆனால் யூதர்களுக்குச் சபத் என்ற ஓய்வுநாளான சனிக்கிழமை பணத்தைத் தொடக் கூடாது என்பதால் கோட்டை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போயிற்று. அதைவிட முக்கியமாக, இந்தச் சனிக்கிழமை நஃப்தாலியின் அப்பாவுடைய திதி.

திதியன்று அப்பாவுக்காகக் கதீஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும். தனியாகச் சொல்ல முடியாது, பத்து ஆண்கள் கூடியிருக்க வேண்டும். அப்பா போன நாளிலிருந்து நஃப்தாலி ஒரு வருஷத்தையும் விட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறார். ஒருமுறை ஜெபக்கூடத்து வாசலில் பஸ்ஸைப் பயணிகளோடு நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். "ஊர் சுத்தக் கிளம்பினா என்னை மறந்துடுவேடா" என்று அப்பா உயிரோடு இருந்தபோது கேலி செய்வதுண்டு. இன்று காலையிலிருந்து அந்தக் கேலி அவர் காதை விட்டுப் போகவில்லை.

சபத் நாளில் தெருவில் எதையும் எடுத்துக்கொண்டு நடக்கக் கூடாது. போன் கிடையாது, வரைபடம் கிடையாது, சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் போனைப் பார்த்து வழியை மனப்பாடம் செய்துவிட்டார். ஓட்டலை விட்டு வெளியே வந்தால் வலது, அப்புறம் இடது, மறுபடி இடது, ஒரு வளைவைத் தாண்டினால் ஜெபக்கூடம். தூக்கத்திலும் அதையே முணுமுணுத்ததாக ஹெத்வா சொன்னாள்.

இப்போது அவள் நின்றுவிட்டாள். "ஏங்க, நீங்க மனப்பாடம் பண்ணினது எந்த வாசல்லேர்ந்து?"

"இதென்ன கேள்வி? ஓட்டல் வாசல்லேர்ந்துதான்."

"அந்த வாசல்ல தானாத் திறக்கற கண்ணாடிக் கதவு இருக்கு. சபத் அன்னிக்குக் கரண்டு சமாச்சாரம் எதுவும் ஆகாதுன்னு நீங்கதானே என்னைச் சமையக்கட்டு வழியா இழுத்துட்டு வந்தீங்க? நாம கிளம்பினது பின்வாசல்."

 நஃப்தாலிக்குத் தப்பு புரிந்துவிட்டது. ஆனாலும் ஓட்டுநர் என்ற கௌரவம் ஒன்று இருக்கிறதே. வலதை எல்லாம் இடதாக்கி, இடதை எல்லாம் வலதாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று அறிவித்து முன்னால் நடந்தார். பின்வாசலில் நின்று போட்டிருக்க வேண்டிய கணக்கை ஐஸ்கிரீம் கடையிலிருந்து போட்டார். ஊரின் மதில்சுவர் வந்தது. சுவருக்கு அப்பால் ஒரு சோளக்கொல்லை இருந்தது.

"வழி கேக்கறது பாவம்னு எந்த வேதத்திலயும் எழுதலை" என்று சொல்லிவிட்டு ஹெத்வா சைக்கிளில் வந்த ஒரு பெண்மணியை நிறுத்தினாள். அந்த அம்மாவுக்கு ஜெபக்கூடம் தெரியவில்லை. ஆனால் நல்ல மனசு. பார்த்துச் சொல்கிறேன் என்று கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். தமக்காகச் சபத்தில் ஒருத்தி போனைத் தட்டுவதை நஃப்தாலியால் தாங்க முடியவில்லை. இரண்டு கையையும் விரித்து, வேண்டாம் வேண்டாம் என்று பதறினார். வயசான இரண்டு பேர், கையில் பையில்லை, எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டால் அங்கேயும் போன் போட்டுவிடுவாளோ என்று பேச்சை மாற்றுகிறார்கள், போனைக் கண்டால் பயப்படுகிறார்கள். அந்த அம்மா சும்மா போயிருக்கலாம். அடுத்த முனையில் நின்ற போலீஸ்காரரை அனுப்பிவைத்துவிட்டுப் போனாள்.

போலீஸ்காரர் சின்னப் பையன், ஊருக்குப் புதிது. முதியோர் இல்லத்திலிருந்து தப்பி வந்தவர்கள் என்றே முடிவு கட்டியிருந்தார். பாஸ்போர்ட் கேட்டார், இல்லை. காரில் ஏறச் சொன்னார், மாட்டோம் என்றார்கள். கடைசியில் ஹெத்வா ஓட்டலின் பெயரைச் சொல்ல, அவர் அங்கேயே போன் செய்தார். ஓட்டல்காரர்கள் உள்ளதைத்தான் சொன்னார்கள். காலையில் ஒரு வயசான ஜோடி சமையலறை வழியாகப் பதுங்கிப் பதுங்கி வெளியேறியதைப் பாத்திரம் கழுவுகிறவர் பார்த்தாராம்.

அதற்குப் பிறகு போலீஸ்காரரின் குரலே மாறிவிட்டது. நஃப்தாலியின் சட்டைப்பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார். கரண்டியாவது அகப்படும் என்று நினைத்தாரோ என்னவோ. ஒன்றுமே இல்லை. பணமில்லை, சாவியில்லை, கைக்குட்டைகூட இல்லை. அப்படி ஒரு சுற்றுலாப் பயணியை அவர் பார்த்ததே கிடையாது.

"வெறுங்கையோட ஊரைச் சுத்தறீங்க, எதுக்கு?"

"எங்கப்பாவுக்காக" என்றார் நஃப்தாலி.  "இன்னிக்கு அவரோட நாள். ஜெபக்கூடத்தைத் தேடறோம்."

போலீஸ்காரர் அவர் தலையிலிருந்த சின்னக் குல்லாவை அப்போதுதான் கவனித்தார். பிறகு மரியாதையாகத் தெருக்கோடியைக் காட்டினார். "உங்க ஆளுங்க மாதிரி அதோ ஒருத்தர் போறார். அவரைக் கேட்டுப் பாருங்க ஐயா."

தெருக்கோடியில், அந்த வெயிலிலும் கறுப்பு அங்கியும் பெரிய ரோமத் தொப்பியுமாக ஒருவர் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார். பின்னால் மூன்று வளர்ந்த மகன்கள். சபத் காலையில் அந்தத் தொப்பி ஜெபக்கூடத்தைத் தவிர வேறெங்கே போகும்? நஃப்தாலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்தொடர்ந்தார்.

தொப்பிக்காரர் கோட்டையைச் சுற்றினார், அவர்களும் சுற்றினார்கள். ஹெத்வா அகழியை நன்றாகவே பார்த்துக்கொண்டாள். பிறகு செங்கல் சந்து ஒன்று, அதற்குள் இன்னொரு சந்து, கடைசியில் மூன்று பக்கமும் வீடுகளும் சாத்திய கதவுகளுமாக ஒரு முற்றம். மேலே போக வழியில்லை. தொப்பிக்காரர் திரும்பினார்.

"எதுக்கு என் பின்னாடியே வர்றீங்க?"

"ஜெபக்கூடத்துக்குத்தான்" என்றார் நஃப்தாலி.

"அப்போ நீங்க முன்னாடி போங்க. நான் ஆண்ட்வெர்ப் ஊர்க்காரன், பேர் ஃபைவிஷ். காலையிலேர்ந்து நானும் அதைத்தான் தேடறேன். ஐஸ்கிரீம் கடைப் பக்கம் உங்களைத் திரும்பத் திரும்பப் பாத்தேன். இந்த ஊர்லயே இருக்கறவங்க போலிருக்கு, வழியில கண்டா கேட்டுக்கலாம்னு நினைச்சேன்."

ஹெத்வா வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் முற்றத்துக்குள் இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். மான்செஸ்டரிலிருந்து வந்த இரண்டு மாணவர்கள், லியோனிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர், அவருடைய தம்பி. பஸ் ஓட்டுவதுபோல் நிமிர்ந்து நடக்கும் நஃப்தாலியை நம்பி மதில்சுவர் வரைக்கும் வந்து திரும்பியவர்கள் அவர்கள்.

 நஃப்தாலி தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபக்கூடம் இல்லாவிட்டால் என்ன? பத்து பேர் சேர்ந்தால் முற்றமே போதும். ஆட்களை எண்களால் எண்ணக் கூடாது என்பதால், பத்து வார்த்தை கொண்ட வசனம் ஒன்றை ஆளுக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பல் டாக்டரின் தம்பியோடு ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள். ஒரு வார்த்தை மிச்சம் நின்றது.

மறுபடி சொன்னார். மறுபடியும் அதே வார்த்தைதான் மிச்சம்.

"என்னைச் சேத்துக்கிட்டா சரியா வருது" என்றாள் ஹெத்வா. ஃபைவிஷ் வானத்தைப் பார்த்தார். "சேக்க மாட்டீங்கன்னு தெரியும். கணக்கு வருதுன்னு சொன்னேன், அவ்வளவுதான்."

மாணவர்களில் ஒருவன் சந்துமுனைக்கு ஓடி, தாடி வைத்த ஒருவரை அழைத்துவந்தான். அவர் காபிக் கடையில் வேலை பார்ப்பவர், தாடி சும்மா அழகுக்கு வைத்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டார். பல் டாக்டர் வேறு ஊர்களில் தனக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார், ஃபைவிஷின் மகன்கள் பசிக்கிறது என்றார்கள். எங்கோ தேவாலய மணி மதியத்தை அடித்தது. காலைப் பிரார்த்தனைக்கு மட்டும் திறக்கும் ஜெபக்கூடத்தை இந்நேரம் பூட்டியிருப்பார்கள்.

நஃப்தாலி அங்கிருந்த கல்படியில் உட்கார்ந்துவிட்டார். "சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. ஊர் சுத்த வந்தேன், அவரை விட்டுட்டேன்."

ஹெத்வாவுக்கு அதுவரை இருந்த சிரிப்பெல்லாம் போய்விட்டது. மாமனார் அவளைப் பெற்ற மகள்போல் வைத்திருந்தவர். பக்கத்தில் உட்கார்ந்து கணவரின் முதுகில் கை வைத்தாள். "நீங்களா விட்டீங்க? ஊர் பூரா அவருக்காகத்தானே நடந்தீங்க. அவருக்குத் தெரியாதா?"

 அப்போது அவர்கள் தலைக்கு மேல் ஒரு மரஜன்னல் கிறீச்சென்று திறந்தது. தோளில் வெள்ளைப் பிரார்த்தனைச் சால்வை போர்த்திய ஒரு கிழவர் கீழே எட்டிப் பார்த்தார். ரோமத் தொப்பியைப் பார்த்தார், குல்லாக்களைப் பார்த்தார், தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"தொந்தரவுக்கு மன்னிக்கணும், உங்கள்ல ஒரே ஒருத்தரை மட்டும் மாடிக்கு அனுப்ப முடியுமா? காலையிலேர்ந்து இங்க ஜெபக்கூடத்துல நாங்க ஒம்பது பேர்தான் உக்காந்திருக்கோம்."